மணல்மேட்டில் கண்ட வெள்ளி நிற ஈ: எந்தக் குடும்பம்?

கரைமணல்

கடற்கரை மணல்மேடுகளில் பூச்சிகளைப் பார்த்துக் குறித்து வருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஆயினும் சென்ற வாரம் கண்ட ஓர் ஈயை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. அலை எட்டாத முதல் மேட்டுக்குப் பின்னால், புற்கொத்துகளுக்கு இடையே வெறும் மணலாகக் கிடக்கும் ஒரு பள்ளத்தில், காலை பத்து மணியளவில் அதைப் பார்த்தேன். நீளம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் இருக்கும். வயிறு மார்பிலிருந்து தொடங்கி நுனிவரை சீராகக் கூம்பிக்கொண்டே போகிறது. வெயில் படும்போது உடல் முழுவதும் வெள்ளித் தகடு போல் மின்னுகிறது. அதே ஈ சற்றுத் திரும்பி அமர்ந்தால் அந்த மினுமினுப்பு அடியோடு மறைந்து, ஈரமணலின் சாம்பல் நிறமாகிவிடுகிறது.

அது பறப்பதைவிட ஓடுவதே அதிகம். நான்கைந்து அடிகள் விரைந்து ஓடி, நின்று, மறுபடியும் ஓடும். மனித நிழல் பட்டால் தாழப் பறந்து இரண்டு மீட்டருக்குள் மீண்டும் மணலிலேயே இறங்கிவிடும். அதே பள்ளத்தில் வேறோர் ஈயும் இருந்தது. அளவிலும் வடிவிலும் இதைப் போன்றதே என்றாலும் அதன் உடல் மங்கிய பழுப்பு, வயிற்றில் கருமையான குறுக்குப் பட்டைகள் இருந்தன. இவை இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். இவற்றை அடையாளம் காண்பதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

புல்நுனி

நீங்கள் விவரித்திருப்பது கொள்ளைக்கார ஈயாக, அதாவது அசிலிடே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும் என்றே நினைக்கிறேன். நீண்டு கூம்பிய வயிறு, வெறும் மணலில் அமர்தல், சிறிது தொலைவு பறந்து மறுபடி இறங்குதல் ஆகிய மூன்றும் அந்தக் குடும்பத்திற்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஐரோப்பாவின் கடற்கரை மணல்மேடுகளில் ஃபிலோனிகஸ் அல்பிசெப்ஸ் என்ற கொள்ளைக்கார ஈ மிகவும் பரிச்சயமானது. 1820இல் மைகன் விவரித்த அந்த இனமும் மணலின் நிறத்திலேயே இருக்கும். அதன் பெண் ஈ வயிற்று நுனியிலுள்ள முட்களால் மணலைத் தோண்டி முட்டையிடும். அசிலிடே உலகெங்கும் 7,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய குடும்பம். ஆகவே அந்தக் கரையில் அதன் உறவினர் ஒன்று இருப்பதில் வியப்பில்லை. பழுப்பு நிறத்தது வேறோர் இனமாக இருக்கலாம்.

இருசிறகி

புல்நுனி அவர்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் சரியானவை. ஆனால் அந்த மூன்றும் மணலில் வாழும் வேறு சில குடும்பங்களுக்கும் பொதுவானவை என்பதால், அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது கடினம். ஈக்களில் குடும்பத்தைத் தீர்மானிக்க நிறமும் வடிவும் துணைச் சான்றுகளாகவே உதவும். தலை, சிறகு நரம்புகள், பாதங்கள் இம்மூன்றையும் பார்த்த பிறகே உறுதியாகப் பேச முடியும்.

கரைமணல் அவர்கள் அடுத்த முறை செல்லும்போது முதலில் உச்சந்தலையைக் கவனிக்க வேண்டும். கொள்ளைக்கார ஈயின் தலையை நேர் எதிரே இருந்து பார்த்தால், இரண்டு கூட்டுக்கண்களும் மேடுகளாக உயர்ந்து நிற்க, நடுவே உச்சந்தலை ஆழமாகக் குழிந்திருக்கும். மரக்கிளையில் விட்ட கவை போல அது தெரியும். முகத்தில் முரட்டு முடிகளாலான ஒரு மீசை அடர்ந்திருக்கும். மிஸ்டாக்ஸ் என்று கிரேக்கச் சொல்லால் வழங்கப்படும் இந்த மீசை, பிடிபட்ட இரை துள்ளும்போது முகத்திற்குக் காப்பாக அமைகிறது என்று கருதப்படுகிறது. வாயுறுப்பு கடினமான ஊசி. இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அசிலிடேயை விட்டுவிடலாம்.

மணலில் காணப்படும் மற்ற குடும்பங்களையும் மனத்தில் வைத்திருங்கள். பொம்பிலிடே என்னும் தேனீப்போலி ஈக்கள் உருண்டு திரண்ட உடலும் அடர்ந்த ரோமமும் கொண்டவை. அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும். மைடிடே குடும்பத்தின் உணர்கொம்பு நுனியில் தடித்துக் கதாயுதம் போல முடியும். அபியோசெரிடே வறண்ட மணற்பாங்கான இடங்களில் வாழ்வது. அதன் சிறகில் நீளநரம்புகள் வளைந்து மேலேறி, சிறகின் நுனியை அடைவதற்கு முன்பே முன்விளிம்பில் முடிந்துவிடும். ராகியோனிடே ஈக்களும் கூம்பிய வயிறு உடையவைதாம், ஆனால் ஒவ்வொரு பாதத்தின் நுனியிலும் அவற்றுக்கு மூன்று மெத்தைகள் இருக்கும்.

ஆகையால் தலையை முன்பக்கமிருந்தும் மேலிருந்தும், சிறகை விரித்த நிலையிலும், பாத நுனியை நெருக்கத்திலும் படமெடுத்தால் பேருதவியாக இருக்கும். ஓர் எச்சரிக்கை: வெள்ளி நிறம் நேரடியான ஃபிளாஷ் ஒளியில் வெறும் வெண்மையாக வெளிறிவிடும். ஒளிக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்தால் விவரங்கள் அழியாது.

கரைமணல்

இருசிறகி அவர்களுக்கு நன்றி. நேற்றும் இன்றும் காலையில் சென்று பார்த்தேன். வெள்ளி நிறத்தது ஒன்றையும் பழுப்பு நிறத்தது ஒன்றையும் கண்ணாடிக் குப்பிகளில் பிடித்து, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்திருந்து, அவை அசைவற்றிருந்த சில நிமிடங்களில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் பார்த்தபின் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டேன். வெயில் பட்டதும் இரண்டும் ஓரிரு நிமிடங்களில் எழுந்து ஓடின.

உச்சந்தலையில் குழிவு இல்லை. வெள்ளி ஈயின் கூட்டுக்கண்கள் மிகப் பெரியவை. உச்சியில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவை சந்திக்கும் கோட்டின் பின்முனையில், சிறு முக்கோண மேட்டின் மீது மூன்று தனிக்கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. பழுப்பு ஈயிடமும் அதே மூன்று தனிக்கண்கள் உண்டு, ஆனால் அதன் கூட்டுக்கண்கள் தொடவில்லை. இடையே அகலமான நெற்றி இருக்கிறது, அதில் மங்கிய பழுப்புத் தூளும் குட்டையான முடிகளும் உள்ளன. முகத்தில் மீசை எதுவும் இல்லை. வாயுறுப்பு ஊசியாக இல்லாமல் மென்மையான சதைப்பற்றுள்ள இரு மடல்களாக முடிகிறது. குப்பியின் சுவரில் படிந்திருந்த நீர்த்திவலையை எழுந்தவுடன் பழுப்பு ஈ அந்த மடல்களால் ஒற்றி எடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

உணர்கொம்பு குட்டையானது, மூன்றாம் கணு அடியில் பருத்து நுனியில் ஒடுங்குகிறது. கதாயுதம் போன்ற தடிப்பு இல்லை. பாத நுனியில் நகங்களுக்குக் கீழே இரண்டு மெத்தைகள் மட்டுமே உள்ளன. சிறகைப் பொறுத்தவரை, நீளநரம்பு ஒன்று கவையாகப் பிரிந்து, ஒரு கிளை நுனிக்கு மேலாகவும் மற்றொன்று நுனிக்குக் கீழாகவும் விளிம்பைத் தொடுகிறது. சிறகின் நுனி அந்த இரண்டு கிளைகளுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கிறது.

வெள்ளி நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தோலின் நிறம் அன்று. கருமையான தோலின் மேல் படுத்த நிலையில் படிந்திருக்கும் மிக மெல்லிய முடிகளும், அவற்றின் அடியில் மாவு போன்ற ஒரு பூச்சுமே அப்படி ஒளிர்கின்றன. குப்பிச் சுவரில் உரசியதால் மார்பின் ஓரிடத்தில் அந்த முடிகள் உதிர்ந்திருந்தன. அந்த இடம் நல்ல கறுப்பாக இருந்தது.

இருசிறகி

இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது. உச்சந்தலையில் குழிவு இல்லை, மீசை இல்லை, சதைப்பற்றுள்ள வாய், மூன்று தனிக்கண்கள், இரண்டு பாதமெத்தைகள், சிறகு நுனியைக் கவ்வி நிற்கும் கவை நரம்பு ஆகிய அனைத்தும் சேர்ந்து தெரேவிடே குடும்பத்தையே காட்டுகின்றன. கூம்பிய வயிற்றின் காரணமாக ஆங்கிலத்தில் இவற்றை மெல்லிய குத்துவாளான ஸ்டிலெட்டோவின் பெயரால் அழைக்கிறார்கள். பெயர் அச்சுறுத்தினாலும் இவை கொட்டவோ கடிக்கவோ மாட்டா. வளர்ந்த ஈக்கள் பூந்தேனையும், அசுவினிகள் சுரக்கும் இனிப்பு நீரையும், பனித்துளியையும் உறிஞ்சியே வாழ்கின்றன. உலகில் இக்குடும்பத்தின் 1,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. வறண்ட, மணற்பாங்கான நிலங்களே பெரும்பாலானவற்றின் இருப்பிடம்.

இன்னொரு முக்கியமான செய்தி: நீங்கள் இரண்டு இனங்கள் என்று எழுதி வைத்திருப்பவை பெரும்பாலும் ஓர் இனத்தின் ஆணும் பெண்ணுமே. இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்களில் ஆணின் கண்கள் உச்சியில் தொடும், பெண்ணின் கண்களுக்கு நடுவே நெற்றி இருக்கும். வெள்ளி முடிகள் ஆணிடம் மிகுதியாகவும் பெண்ணிடம் குறைவாகவும் இருப்பது இதில் பல இனங்களில் வழக்கம். இந்த வேறுபாட்டை அறியாமல் ஆணையும் பெண்ணையும் தனித்தனிப் பெயர்களால் விவரித்துவிட்டுப் பிற்காலத்தில் ஒன்றாக்க நேர்ந்தது பூச்சியியலில் அரிதான நிகழ்வு அன்று. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் அடித்துத் திருத்துவதற்கு முன், அவை இணைசேர்வதை ஒருமுறையேனும் பார்க்க முயலுங்கள். அதைவிட உறுதியான களச்சான்று இல்லை.

ஐரோப்பியக் கடற்கரைகளில் இத்தகைய வெள்ளி ஈயாக நன்கு அறியப்பட்டது அக்ரோசாதே அனுலாட்டா. 1805இல் ஃபேப்ரீசியஸ் விவரித்தது. ஆனால் கரைக்குக் கரை இனங்கள் மாறும் என்பதால், நீங்கள் பார்த்ததும் அதுவேதான் என்று படத்தை மட்டும் கண்டு நான் சொல்ல மாட்டேன்.

புல்நுனி

என் கணிப்பு தவறு என்பதை ஏற்கிறேன். உச்சந்தலைக் குழிவை நான் கேட்டிருக்க வேண்டும். இனி முதலில் அதையே கேட்பேன்.

ஒரு கேள்வி உண்டு. சஹாரா பாலைவனத்தின் வெள்ளி எறும்பாகிய கடாகிலிஃபிஸ் பொம்பிசினா பற்றி 2015இல் வெளியான ஆய்வு, அதன் முக்கோண வெட்டுமுகம் கொண்ட முடிகள் வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு உடல் வெப்பத்தை வெளியேற்றவும் உதவுகின்றன என்று காட்டியது. நண்பகல் மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. இந்த ஈயின் வெள்ளி முடிகளும் அதே வேலையைச் செய்யலாம் அல்லவா?

இருசிறகி

நல்ல கேள்வி, ஆனால் ஒரு தடை இருக்கிறது. வெப்பத்தைச் சமாளிப்பதே முதன்மைக் காரணம் என்றால், அதே மணலில் ஓடி, அதிலேயே வயிற்றை நுழைத்து முட்டையிடும் பெண்ணுக்குத்தான் அந்தக் கவசம் அதிகம் தேவைப்பட்டிருக்கும். பெண் மங்கலாக இருக்க, ஆண் மட்டும் இவ்வளவு ஒளிர்கிறது என்றால், இணையைக் கவர்வதிலோ பிற ஆண்களுக்குத் தன் இருப்பைக் காட்டுவதிலோ அந்த ஒளிர்வுக்குப் பங்கு இருக்கும் என்று எண்ணுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இது என் கருத்து மட்டுமே. எறும்பில் அளந்து கண்டதை அளக்காமல் ஈக்கு ஏற்றிச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வேர்மண்

மணல்மேட்டு மண்ணில் வாழும் உயிர்களைப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த ஈயின் வாழ்க்கையில் நாம் கண்ணால் காணும் பகுதி மிகச் சிறியது. சில வாரங்களே பறக்கும் இந்த உயிர், ஆண்டின் மிகுதிப் பகுதியை மணலுக்குள் புழுவாகவே கழிக்கிறது. அந்தப் புழு வேட்டையாடி. வண்டுகளின் புழுக்களையும் மண்ணிலுள்ள பிற மென்னுடல் உயிர்களையும் தேடிப் பிடித்துத் தின்கிறது.

அதைத் தேடுவதும் எளிதே. புற்கொத்தின் அடிவேர் பரவியிருக்கும் பகுதியில், மேலே உலர்ந்த மணலை விலக்கி, சற்று ஈரம் தட்டும் ஆழத்திலிருந்து இரண்டு கையளவு மணலை எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் மெதுவாகச் சலித்துப் பாருங்கள். பால் வெண்மையான, நூல் போல் மெலிந்த, கால்களற்ற புழு தென்பட்டால் கூர்ந்து பாருங்கள். தலை கருத்தும் கூராகவும் இருக்கும். வயிற்றின் முன்கணுக்கள் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்தது போல் தோன்றுவதால், எண்ணினால் இருபது கணுக்கள் இருப்பதாகத் தெரியும். தொட்டவுடன் சிறு பாம்பு போல் விசையோடு நெளிந்து மணலுக்குள் மறையும். நெருங்கிய உறவுடைய ஸ்கெனோபினிடே குடும்பத்தின் புழுக்களும் இதே தோற்றம் உடையவை. அவற்றைப் பிரிக்க, தலைக்குள்ளிருந்து பின்னோக்கி நீளும் கம்பி போன்ற உறுப்பின் முனையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தெரேவிடேயில் அந்த முனை கரண்டி போல் விரிந்திருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்: வளர்ந்த ஈ ஆள் வந்தால் பறந்துவிடும், ஆனால் புழுவால் எங்கும் போக முடியாது. மேட்டின் மீது வண்டிகள் ஏறி இறங்கும் தடங்களில் புற்களின் வேர் அறுந்து, மணலின் ஈர அடுக்கு கலைந்து உலர்ந்துவிடுகிறது. புல் இருக்கும் வரைதான் அந்தப் புழுவுக்கு இரையும் ஈரமும். எனவே தோண்டிய மணலை அதே இடத்தில் போட்டு மூடிவிட்டு வாருங்கள். ஒரே கொத்தை இருமுறை தோண்ட வேண்டாம்.

கரைமணல்

வேர்மண் அவர்கள் சொன்னபடியே செய்தேன். முதல் மூன்று இடங்களில் வண்டுப் புழுக்கள் மட்டுமே கிடைத்தன. நான்காவது கொத்தின் அடியில், ஒரு சாண் ஆழத்தில், நீங்கள் விவரித்த அதே புழு. ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நீளம். உள்ளங்கையில் ஒரு பிடி மணலோடு வைத்திருந்தேன். விரலிடுக்கில் மணல் சரிந்த கணத்தில் அது முன்பக்கத் தலையைக் குத்தி உள்ளே புகுந்தது, மணல் பரப்பில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நீரில் மூழ்குவது போல இருந்தது. அதை அதே குழியில் விட்டு மூடினேன்.

இணைசேர்வதையும் பார்த்துவிட்டேன். காலை ஒன்பதரை மணிக்கு, வெள்ளி ஈ ஒன்று பழுப்பு ஈயின் பின்னால் ஓடியது. பின்னர் இரண்டும் எதிரெதிர்த் திசையில் முகம் வைத்து, வயிற்று நுனிகள் இணைந்த நிலையில் மணலில் அமர்ந்திருந்தன. இருசிறகி அவர்கள் எதிர்பார்த்தது சரி; என் குறிப்பேட்டில் இரண்டு இனங்கள் என்று எழுதியதைத் திருத்திவிட்டேன்.

இனி இனப்பெயர் வரை செல்ல என்ன வழி?

இருசிறகி

இனப்பெயருக்குப் பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு ஓர் ஆண் ஈயைப் பாடம்செய்து வைப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உலர்த்தி ஊசியில் குத்தி வையுங்கள். ஆல்கஹாலில் போட்டால் வெள்ளிப் பூச்சு நனைந்து கருத்து, நாம் இவ்வளவு நேரம் பேசிய அடையாளமே தெரியாமல் போய்விடும். மரபணு ஒப்பீட்டிற்கு ஒரு காலை மட்டும் கழற்றி 95 விழுக்காட்டு ஆல்கஹாலில் தனியே வைத்தால் போதும். சீட்டில் இடம், நாள், வாழிடம், பிடித்தவர் ஆகியவை இருக்க வேண்டும். சீட்டு இல்லாத பூச்சியால் அறிவியலுக்குப் பயன் இல்லை.

புல்நுனி

நான் இதை எதிர்க்கிறேன் என்பதை மரியாதையுடன் பதிவுசெய்கிறேன். கரைமணல் அவர்கள் ஒரே பள்ளத்தில்தான் இவற்றைப் பார்த்திருக்கிறார். எத்தனை இருக்கின்றன என்று எண்ணாமல் ஒன்றைக் கொல்வது, பெயருக்காக உயிரைக் கொடுப்பது போலாகும். குடும்பப் பெயரோடு படங்களையும் நாளையும் பதிந்து வைத்தால் அதுவும் முழுமையான பதிவே.

இருசிறகி

தங்கள் தயக்கம் நியாயமானது. எண்ணாமல் எடுக்கக்கூடாது என்பதில் நானும் தங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். அதேவேளை, பெயரில்லாத உயிருக்காக ஒரு மணல்மேட்டைக் காப்பாற்றும்படி கேட்பது எவ்வளவு கடினம் என்பதையும் பார்த்திருக்கிறேன். இன்ன இனம், இன்ன கரையில், இன்ன நாளில் என்று ஒரு மாதிரியோடு சொல்லும்போது கேட்பவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே முதலில் எண்ணிக்கை, அடுத்து நிலத்தைப் பராமரிப்பவர்களின் எழுத்து அனுமதி, அதன்பின் ஒரே ஓர் ஆண், அதுவும் பறக்கும் பருவத்தின் இறுதியில். அதற்குள் பெரும்பாலான ஆண்கள் இணைசேர்ந்திருக்கும். அவற்றின் ஆயுளும் முடியும் தறுவாயில் இருக்கும்.

வேர்மண்

எண்ணுவதற்கு ஓர் எளிய முறை. ஒரே பாதையில், காற்றில்லாத வெயில் நாளில், ஒரே நேரத்தில் நடந்து, இருபுறமும் ஒரு மீட்டருக்குள் எழும் ஈக்களை ஆண் பெண் பிரித்துக் குறியுங்கள். மேகம் மூடினால் அவை புல்லடியில் ஒடுங்கிவிடும் என்பதால் அன்றைய கணக்கை மற்ற நாட்களோடு சேர்க்க வேண்டாம்.

கரைமணல்

நான்கு காலைகள் அவ்வாறே நடந்தேன். முதல் நாள் 14 ஆண், 5 பெண்; இரண்டாம் நாள் 17 ஆண், 8 பெண்; மூன்றாம் நாள் மேகம் சூழ்ந்ததால் வேர்மண் அவர்கள் சொன்னபடி கணக்கில் சேர்க்கவில்லை; நான்காம் நாள் 11 ஆண், 9 பெண். அடுத்த பள்ளத்திலும் இவை இருப்பது தெரிந்ததில் பெரிய நிம்மதி. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். விடை வரும்வரை ஒன்றையும் எடுக்கப் போவதில்லை. குறிப்பேட்டில் தெரேவிடே, ஆணும் பெண்ணும் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நான்காம் நாள் திரும்பும் வழியில் மணலுக்கு மேல் பாதி நீட்டிக்கொண்டிருந்த வெளிர்பழுப்பு உறை ஒன்றைக் கண்டேன். கூட்டுப்புழு மேலே வந்து ஈ வெளியேறிய பின் விட்டுச்சென்ற தோல் அது. முதுகில் நெடுக்காகப் பிளந்திருந்தது. சிறகு உறையின் அடிப்பக்கத்தில் இருபுறமும் ஒவ்வொரு முள் துருத்தியிருந்தது. அதைக் கொல்லாமலே எடுத்துவர முடிந்தது. பஞ்சு வைத்த சிறு பெட்டியில், இடமும் நாளும் எழுதிய சீட்டோடு, இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்த முட்களின் நெருக்கப் படத்தை நாளை காலை ஒளியில் எடுத்து இணைக்கிறேன். இருசிறகி அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.